கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு குறுஞ்செய்தியின் பெறுமதி



கொரோனாக் கொள்ளைநோயின் கொடிய நாட்கள் நம்மைக் கடந்து சென்று சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அச்சமும் ஆத்திரமும் தணிந்த மனத்தோடு அந்நாட்களைத் திரும்பிப் பார்க்க இப்போது முடிகின்றது. அந்நோய் பற்றிய முதற் செய்தி உலகுக்கு எவ்வழியாக வந்தது, சமூக ஊடகங்களால் மருத்துவம் பெற்ற நன்மை எது, பட்ட காயம் எது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். பதிவு சற்று நீண்டது. பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகின்றேன்.

ஒரே செய்தி, இரண்டு நகரங்கள்

2019 டிசம்பர் 30ஆம் நாள். சீனாவின் வூகான் மத்திய மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைவியாக இருந்தவர் மருத்துவர் ஐ ஃபென். இனம் தெரியாத நிமோனியாவோடு வந்த நோயாளி ஒருவரின் ஆய்வுகூட அறிக்கை அவர் கைக்கு வந்தது. அதில் 'சார்ஸ்' என்ற சொல் இருந்தது. அச்சொல்லைச் சிவப்பு மையினால் வட்டமிட்டு, படமெடுத்து, தம்மோடு கல்வி பயின்ற மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். கைமாறிக் கைமாறி அப்படம் அதே மருத்துவமனையின் கண் மருத்துவர் லீ வென்லியாங்கை அடைந்தது.

அன்று மாலை லீ, தம் மருத்துவக் கல்லூரித் தோழர்களின் வீசாட் குழுவில் ஒரு செய்தியை இட்டார். கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய 7 பேருக்குச் சார்ஸ் நோய் கண்டுள்ளது என்பதே அச்செய்தி. ஒரு மணி நேரத்துக்குள் அவரே அதைத் திருத்தினார்: கொரோனா வகை வைரஸ் என்பது உறுதியாகியுள்ளது, அதன் துல்லியமான வகை இன்னும் ஆராயப்படுகின்றது. வெளியே பரப்ப வேண்டாம், குடும்பத்தாரைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஆயினும் அச்செய்தியின் திரைப்படம் அவர் பெயரோடு சில மணி நேரத்தில் இணையமெங்கும் பரவிவிட்டது.

2020 ஜனவரி 3ஆம் நாள் அவர் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். உண்மைக்குப் புறம்பானவற்றைக் கூறிச் சமூக ஒழுங்கைக் குலைத்தார் என்று எழுதப்பட்ட கண்டனக் கடிதம் ஒன்று அவர் முன் வைக்கப்பட்டது. இனி இவ்வாறு செய்யாதிருக்க முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்றும், விளங்கியதா என்ற கேள்விக்கு 'விளங்கியது' என்றும் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் பணிக்குத் திரும்பினார். சில நாட்களில் தம்மிடம் வந்த கண்நோயாளி ஒருவரிடமிருந்து அவருக்கு அந்நோய் தொற்றியது. 2020 பெப்ரவரி 7ஆம் நாள் அவர் இறந்தார். வயது 33.

இனி அதே செய்தியின் இன்னொரு பயணத்தைப் பாருங்கள். டிசம்பர் 31 அதிகாலை. தாய்வானின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் பிரதித் தலைவராக இருந்த மருத்துவர் லுவோ யீ-ஜுன் உறக்கம் வராமல் தம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொதுமக்கள் உரையாடும் இணையத்தளமொன்றில் வூகானைப் பற்றிய பதிவு ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆய்வுகூட அறிக்கையும், நெஞ்சின் ஊடுகதிர்ப் படமும், லீயின் சொற்களும் அதில் சேர்ந்திருந்தன. பெருங்கூச்சல்கள் நிறைந்த ஒரு தளத்தில், ஆதாரங்களோடு வந்த அந்த ஒரு பதிவை அவர் அலட்சியம் செய்யவில்லை. உடனே தம் சக அலுவலர்களுக்கு அறிவித்தார். அன்றைய தினமே, வூகானிலிருந்து வரும் விமானங்களுக்குள் ஏறிப் பயணிகளைச் சோதிக்கும் பணி தாய்வானில் தொடங்கியது. 2020ஆம் ஆண்டு முடிந்தபோது அந்நாட்டில் கொரோனாவினால் இறந்தோர் 7 பேர் மட்டுமே. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2003இல் சார்ஸ் நோயால் பட்ட துன்பத்தின்பின் அவர்கள் தம் சுகாதார அமைப்பைச் சீர்செய்து வைத்திருந்தார்கள். எனினும் முதல் நாளை அவர்களுக்குத் தந்தது அந்தச் செய்தியே.

சீனாவிலோ, நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகின்றது என்பது ஜனவரி 20ஆம் நாளன்றுதான் பகிரங்கமாக ஏற்கப்பட்டது. 23ஆம் நாள் வூகான் நகரம் மூடப்பட்டது. இடையில் கடந்தவை மூன்று வாரங்கள். ஜனவரி 28 அன்று சீன உச்ச மக்கள் நீதிமன்றம் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்ட கட்டுரையொன்று, அந்த 'வதந்தியை' மக்கள் அன்றே நம்பி முகக்கவசம் அணிந்திருந்தால் நன்மையாக இருந்திருக்கும் என்று கூறியது. மார்ச் மாதத்தில் லீக்கு வழங்கிய கண்டனத்தைக் காவல்துறை மீளப்பெற்று, அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது.

மௌனம் வதந்திக்கு இடும் உரம்

கொள்ளைநோயின்போது ஆட்சியாளர் வாய்மூடியிருப்பது புதிதன்று. 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலை உலகம் 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று அழைக்கின்றது. அந்நோய் ஸ்பெயினில் தொடங்கியதற்குச் சான்று இல்லை. முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகள் தம் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதித்திருந்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையை எழுதிய நாட்டின் தலையில் நோயின் பெயர் விழுந்தது.

2002 நவம்பரில் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் சார்ஸ் தோன்றியபோதும் அதிகாரிகள் வாய்திறக்கவில்லை. 2003 பெப்ரவரி தொடக்கத்தில், குவாங்சோவில் உயிர்கொல்லிக் காய்ச்சல் பரவுகின்றது என்ற ஒற்றை வரி கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாகக் கோடிக்கணக்கான தடவைகள் கைமாறியது. அச்செய்தி உண்மையே. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப் பொறுப்பான குரல் எதுவும் எழவில்லை. ஆகவே வினாகிரியைக் கொதிக்கவைத்து வீட்டுக்குள் ஆவி பிடித்தால் நோய் அணுகாது என்ற செய்தி அந்த வெற்றிடத்தை நிரப்பியது. கடைகளில் வினாகிரியின் விலை ஏறியது. பெப்ரவரி 10ஆம் நாள், தொற்றுநோய்ச் செய்திகளைப் பகிர்வதற்காக 1994இல் தொடங்கப்பட்ட 'புரோமெட்' எனும் மின்னஞ்சல் சேவையில், குவாங்சோவில் என்ன நடக்கின்றது என்று ஒருவர் கேட்ட கேள்வியே வெளியுலகைத் தட்டி எழுப்பிய முதல் ஒலிகளுள் ஒன்று. 2019 டிசம்பர் 30 இரவிலும் அதே சேவை, வூகான் நிமோனியா பற்றி அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு உலகெங்கும் கேட்டிருந்தது.

பொறுப்பானவர் மௌனம் காத்தால் மக்கள் பேசாமலிருக்க மாட்டார்கள். உண்மையும் பொய்யும் ஒரே வாயிலால் வந்து சேரும். இதனை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

மருத்துவம் பெற்ற நன்மைகள்

2020 ஜனவரி 5ஆம் நாள், சாங்காயில் பேராசிரியர் சாங் யொங்சென் குழுவினர் இப்புதிய வைரசின் மரபணு வரிசையைக் கண்டறிந்து முடித்தனர். அனுமதியின்றி எதனையும் வெளியிடலாகாது என்ற கட்டளை இருந்தது. ஆயினும் ஜனவரி 11 அன்று அவர், சிட்னிப் பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் ஹோம்சோடு தொலைபேசியில் பேசி, அவ்வரிசையை ஆய்வாளர் பயன்படுத்தும் திறந்த இணையத்தளமொன்றில் வெளியிட இசைந்தார். ஹோம்ஸ் அதனை டுவிட்டரில் அறிவித்தார். மறுநாள் சாங்கின் ஆய்வுகூடம் 'சீரமைப்புக்காக' மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அவ்வரிசை உலகின் ஆய்வுகூடங்களைச் சென்றடைந்துவிட்டது. ஜனவரி 13இல் மொடர்னா நிறுவனம் தன் தடுப்பூசியின் வடிவத்தை இறுதிசெய்தது. மார்ச் 16இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முதல் மனிதருக்கு அது ஏற்றப்பட்டது. நாமும் நம் பெற்றோரும் போட்டுக்கொண்ட ஊசிகளின் பின்னால் அந்த ஒரு துணிவும் அந்த ஓர் அறிவிப்பும் உள்ளன.

இரண்டாவது எடுத்துக்காட்டு, மணம் அறியும் உணர்வை இழத்தல். காய்ச்சலும் இருமலுமே நோயின் அடையாளங்கள் என்று அரசுகள் கூறிக்கொண்டிருந்த காலத்தில், பல நாடுகளின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொண்டார்கள்: மூக்கடைப்பே இல்லாமல் மணம் தெரியவில்லை என்று நோயாளர் பலர் வருகின்றார்கள். 2020 மார்ச் மாதத்திலேயே பிரித்தானியாவின் அத்துறை மருத்துவர் சங்கம் இதனைப் பகிரங்கமாக எச்சரித்தது. மார்ச் 24இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் தொடர்புபட்ட கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் வழியாக இலட்சக்கணக்கான மக்கள் நாள்தோறும் தம் உடல்நிலையைப் பதிவுசெய்யத் தொடங்கினர். நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மணத்தையோ சுவையையோ இழந்திருந்தனர். சோதனையில் நோயில்லை என்று வந்தவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினர் அளவிலேயே அவ்வாறு கூறினர். மே 18இல் பிரித்தானிய அரசு அதனை நோய் அறிகுறிகளுள் சேர்த்தது. எத்தனை பேர் அதன்பின் வேளையோடு தம்மைத் தனிமைப்படுத்தி, வீட்டிலிருந்த முதியோரைக் காத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது எடுத்துக்காட்டு என் உள்ளத்தை மிகவும் தொட்டது. சாதாரண தொற்று இரண்டு வாரங்களில் குணமாகும் என்று அன்று சொல்லப்பட்டது. மருத்துவமனையில் அனுமதிக்கப்படாதவர்கள் 'இலேசான நோயாளர்' என்ற பட்டியலில் சேர்ந்தார்கள். அதன்பின் அவர்கள் நிலை என்னவென்று கேட்டுக் கணக்கெடுக்க எவரும் இருக்கவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சோர்வும் மூச்சுத்திணறலும் நெஞ்சுப் படபடப்பும் நீங்காதவர்கள், எல்லாம் மனப்பிரமை என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்பினார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது இணையத்தில்தான். 2020 மே மாதத்தில் நோயாளர்களே தமக்குள் ஓர் ஆய்வு நடத்தி 640 பேரின் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதே மாதம் 20ஆம் நாள், இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் எலிசா பெரேகோ, தாமே அந்நோயால் வருந்திக்கொண்டு, டுவிட்டரில் 'நீண்ட கோவிட்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதுவே நிலைத்தது. ஆகஸ்ட் மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் அந்நோயாளர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். 2021 அக்டோபரில் அந்நிறுவனம் அந்நோய் நிலைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. மருத்துவர் நோய்க்குப் பெயரிடுவது வழக்கம். இங்கே நோயாளரே பெயரிட்டார்கள், மருத்துவம் செவிசாய்த்தது.

அதே வாயிலால் வந்த தீமைகள்

2020 மார்ச் மாதத்தில், மலேரியாவுக்குப் பயன்படும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து கொரோனாவைக் குணப்படுத்துகின்றது என்ற செய்தி பிரான்சின் மார்செய் நகரிலிருந்து புறப்பட்டது. பேராசிரியர் டிடியே ராவுல் குழுவினரின் அந்த ஆய்வில் கணக்கிடப்பட்டவர்கள் 36 பேர். மருந்து பெற்றவர்கள் அவர்களுள் 20 பேர். உண்மையில் மருந்து வழங்கப்பட்டவர்கள் 26 பேர். 6 பேர் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர். இவ்விபரம் கட்டுரையிலேயே இருந்தது. ஆனால் காணொளியாகவும் டுவிட்டர் வரியாகவும் பரவிய செய்தியில் அதற்கு இடமிருக்கவில்லை. மார்ச் 21இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அதனைத் தம் பக்கத்தில் புகழ்ந்தெழுதினார். நாள்தோறும் அம்மருந்தை உண்டு வாழும் லூப்பஸ் நோயாளருக்கு மருந்தகங்களில் அது கிடைக்காமற் போனது.

ஈரானில், மதுசாரம் அருந்தினால் வைரஸ் அழியும் என்ற செய்தியை நம்பி நச்சுத்தன்மை கொண்ட மெதனோலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பிரித்தானியாவில் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிக் கோபுரங்களே நோயைப் பரப்புகின்றன என்று நம்பிச் சிலர் அவற்றுக்குத் தீ வைத்தனர்.

நம் தாயகமும் விதிவிலக்கன்று. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தயாரித்த தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைப் பெற, இடைவெளியை மறந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதனை அருந்தினார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. தமிழகத்திலோ, 2021 ஏப்ரல் 15இல் நடிகர் விவேக், மக்களுக்கு நம்பிக்கையூட்டுவதற்காகவே சென்னையில் அரச மருத்துவமனையொன்றில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் நாள் அதிகாலை அவர் இறந்தார். ஊசியே கொன்றது என்ற செய்தி அன்று பொழுது சாயுமுன் உலகெங்குமுள்ள தமிழரின் கைத்தொலைபேசிகளை அடைந்தது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு வெளிவர அக்டோபர் ஆயிற்று. பொய்க்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. ஆய்வுக்கு ஆறு மாதங்கள் தேவைப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடையிலேயே இந்தியாவின் இரண்டாம் அலை வந்து போனது.

அந்த அலையின்போது சமூக ஊடகங்களின் நல்ல முகத்தையும் கண்டோம். நாளொன்றுக்கு 4 இலட்சம் புதிய தொற்றுக்கள் பதிவான அந்நாட்களில், ஒட்சிசன் எங்கே கிடைக்கும், கட்டில் எங்கே காலியாக உள்ளது என்று மக்கள் டுவிட்டரில் கதறினர். இளைஞர் பலர் தாமாக முன்வந்து, பட்டியலிலிருந்த ஒவ்வோர் இலக்கத்தையும் அழைத்துப் பார்த்து, இருப்பு உண்டா என்று கேட்டு, உறுதிசெய்த நேரத்தையும் குறித்துப் பதிவிட்டனர். இவ்வாறு உதவி கேட்பவர்களை வதந்தி பரப்புவோராகக் கருதி நடவடிக்கை எடுத்தால் அதனை நீதிமன்ற அவமதிப்பாகக் கொள்வோம் என்று 2021 ஏப்ரல் 30இல் இந்திய உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. லீ வென்லியாங்கின் கதை நீதிபதிகளின் நினைவில் இருந்ததோ இல்லையோ, அதன் பாடம் அங்கே உணரப்பட்டிருந்தது.

மருத்துவம் தந்த விடை

ஒரு மருந்து பயன் தருமா என்பதைப் பார்வைகளின் எண்ணிக்கையோ விருப்பக் குறிகளோ தீர்மானிக்க முடியாது. பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2020 மார்ச் மாதத்தில் 'ரிக்கவரி' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். இணங்கிய நோயாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு மருந்தையும், மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சையை மட்டும் அளித்து, 28 நாட்களில் இறந்தோரைக் கணக்கிட்டார்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27 வீதத்தினரும், பெறாத 3,155 பேரில் 25 வீதத்தினரும் இறந்தனர். அம்மருந்தால் நன்மை இல்லை. அதே ஆய்வில், எவரும் பெரிதாகப் பேசாத, மலிவான, பழைய மருந்தாகிய டெக்சாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஜூன் 16இல் முடிவு வெளிவந்த அன்றே பிரித்தானிய மருத்துவமனைகள் அதனைப் பின்பற்றத் தொடங்கின. மார்செய் ஆய்வுக் கட்டுரை 2024 டிசம்பரில் மீளப்பெறப்பட்டது.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நன்மை செய்த செய்திகளையும் தீமை செய்த செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கருவியால் வந்தன, ஒரே வேகத்தில் வந்தன. வேறுபாடு எங்கே உள்ளது?

முதலாவது, கண்டவர் யார்? லீயின் கையில் ஆய்வுகூட அறிக்கை இருந்தது. மூக்கு மருத்துவர்கள் தம் நோயாளரைக் கண்டார்கள். இரண்டாவது, பொறுப்பேற்பவர் யார்? அவர்கள் எல்லோரும் தம் பெயரை வைத்தார்கள். மூன்றாவது, திருத்தம் உண்டா? லீ ஒரு மணி நேரத்துக்குள் தம் சொல்லைத் திருத்தினார். ஒட்சிசன் தேடிய இளைஞர்கள் நேரத்தைக் குறித்தார்கள். 'ஒரு பெரிய மருத்துவர் சொன்னதாம்' என்று வரும் செய்தியிலோ கண்டவரும் இல்லை, பெயரும் இல்லை, திருத்தமும் இல்லை. அது எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அப்படியே சுற்றிவரும்.

இது கைத்தொலைபேசி தந்த நோய் என்று எண்ணிவிடாதீர்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ, அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்பவர் இறைவனின் பிள்ளை அல்லர் என்று 1829இல் அறிவித்ததாக ஒரு கூற்று கற்றறிந்தோர் நூல்களிலேயே நெடுங்காலம் வலம் வந்தது. தேடிப் பார்த்தவர்களுக்கு அதற்கான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது 1822இல் கர்தினால் கொன்சால்வி திருத்தந்தையின் ஆட்சிப் பகுதிகளில் தடுப்பூசியை ஊக்குவித்து வெளியிட்ட ஆணை மட்டுமே. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதினார், மூலத்தை எவரும் கேட்கவில்லை. நம் குடும்பக் குழுக்களில் நடப்பதும் இதுவே அன்றோ?

புலம்பெயர்ந்த நமக்கு இதில் தனியான பொறுப்பு உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை அனுப்பும் செய்தியை யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய் அரச அறிவித்தலைவிட மேலாக நம்புகின்றார். 'வெளிநாட்டிலிருந்து வந்தது' என்பதே அதற்கு முத்திரையாகிவிடுகின்றது. வாழும் நாட்டின் மொழியில் சரியான அறிவித்தலை வாசிக்கத் தெரிந்த இளையோர், அதனைத் தமிழில் தெளிவாகத் தம் முதியோருக்கு எடுத்துச் சொன்னால் அது ஓர் உயிர்காக்கும் பணி. வாசிக்காமலே அழுத்தி அனுப்பும் செய்தியோ, நாம் காணாததற்குச் சாட்சி சொல்வதாகும். அதனை நம் சமயம் என்ன பெயரால் அழைக்கின்றது என்பதை நீங்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றிருக்கின்றீர்கள்.

அதே வேளையில், பொய்களுக்கு அஞ்சி எல்லா வாய்களையும் மூடிவிட வேண்டும் என்று எவரேனும் கூறினால் அதற்கும் இணங்காதீர்கள். அவ்வழி வூகான் காவல் நிலையத்தில்தான் போய் முடியும். உங்கள் உடலில் ஏதோ வழமைக்கு மாறாக நடந்தால் அதைச் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்களைப் போன்றோரோடும் பகிருங்கள். நீண்ட கோவிட் நோயாளர்கள் வாய்மூடியிருந்தால் அந்நோய்க்கு இன்றும் பெயர் இருந்திராது.

லீ வென்லியாங் மறைந்தபின் அவருடைய வெய்போப் பக்கம் மூடப்படவில்லை. அவரது இறுதிப் பதிவின் கீழே இலட்சக்கணக்கான சீனர்கள் வந்து எழுதினார்கள். பெரும் தத்துவங்கள் எதுவுமில்லை: காலை வணக்கம் மருத்துவரே, இன்று தேர்வு எழுதினேன், இன்று மழை பெய்தது, உங்களை மறக்கவில்லை. உண்மை சொன்ன ஒருவரிடம் மனிதர் தம் அன்றாடத்தைக் கொண்டு வந்து வைக்கின்றார்கள். அவருக்காகவும், அக்காலத்தில் நம்மிடமிருந்து பிரிந்துசென்ற எல்லோருக்காகவும் இன்று ஒரு நிமிடம் மன்றாடுவோம்.

அன்புடனும் செபத்துடனும்,
உங்கள் பங்குத்தந்தை